நாரையையும் மண் பாக்டீரியாவையும் ஒப்பிடுவது எப்படி?

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி சென்ற ஆண்டு ஒரு வெள்ளை அட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பள்ளிக் கண்காட்சிக்காக அவள் போட்ட அட்டவணை அதில் இருந்தது. இடப்பக்கம் நாரை, வலப்பக்கம் மண் பாக்டீரியா. நாரைக்கு இரண்டு கால், பாக்டீரியாவுக்குக் கால் இல்லை. நாரைக்கு அலகு உண்டு, பாக்டீரியாவுக்கு இல்லை. நாரைக்கு இறகு உண்டு, பாக்டீரியாவுக்கு இல்லை. இப்படியே இருபத்தேழு வரிகள்.

“மாமா, இதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?” என்று கேட்டாள்.

ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆனால் வலப்பக்கத் தலைப்பை அடித்துவிட்டு ‘நாற்காலி’ என்று எழுதினாலும் பாதி வரிகள் அப்படியே சரியாக இருந்தன. ஒன்றுக்கு உள்ளதெல்லாம் மற்றொன்றுக்கு இல்லை என்று எழுதிக்கொண்டே போனால், இல்லாததன் பட்டியல்தான் மிஞ்சும். அதை ஒப்பீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டால்தான் ஒப்பீடு தொடங்குகிறது. அன்று அந்த அட்டையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் நாங்கள் செய்த வேலையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உயிரியலில் புதிதாக நுழைகிறவர்களுக்கு, அதிலும் வடசென்னையில் இருப்பவர்களுக்கு, இது உதவும். வேண்டியவை ஒரு நோட்டுப் புத்தகம், கிடைத்தால் ஒரு பைனாகுலர், மூன்று டம்ளர்கள், பிறகு உங்கள் மூக்கு.

முதல் படி: யாரை யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

‘நாரை’ என்று மட்டும் எழுதினால் போதாது. தமிழில் அந்தப் பெயர் கொஞ்சம் தாராளமாகவே புழங்குகிறது. சாம்பல் நாரை என்கிறோம். அது கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூநாரை என்கிறோம், அதன் குடும்பமே வேறு. நான் பறவை பார்க்கத் தொடங்கிய முதல் மாதம் முழுவதும் சாம்பல் நாரையை நாரைக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். பறக்கும்போது பார்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். கொக்குக் குடும்பத்தார் கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறப்பார்கள். நாரைகள் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு பறக்கும்.

நாம் எடுத்துக்கொள்வது மஞ்சள் மூக்கு நாரை. சங்குவளை நாரை என்றும் இதைச் சொல்வார்கள். அறிவியல் பெயர் மிக்டீரியா லூகோசெபாலா. நின்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம், இரண்டு முதல் மூன்றரைக் கிலோ எடை.

‘மண் பாக்டீரியா’ என்பதோ ‘தெருவில் நடப்பவர்கள்’ என்று சொல்வதைப் போன்றது. ஒரு தேக்கரண்டித் தோட்ட மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு வகையைப் பிரித்தெடுத்தாக வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். காரணம் எளிது: நுண்ணோக்கி இல்லாமலே நாம் எளிதாக அடையாளம் காணக்கூடிய மண் பாக்டீரியாக்களில் ஒன்று இது. முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையில் பெரும்பங்கு இதன் கைவேலை.

இதில் ஒரு பக்கம் ஓர் இனம், மறுபக்கம் பல நூறு இனங்களைக் கொண்ட ஒரு பேரினம். சமமான தட்டுகள் இல்லைதான். ஆனால் மூக்கை வைத்து இனம் பிரிக்க முடியாது. எண்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் ஆய்வகங்களில் மிகவும் பழகிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற இனத்தின் கணக்கைத் தருகிறேன். உங்கள் நோட்டிலும் இதைக் குறித்துவையுங்கள். யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

பெயரை எழுதும்போதே முதல் ஒற்றுமை கையில் கிடைத்துவிடுகிறது. லூகோசெபாலா என்றால் வெள்ளைத் தலை என்று பொருள். வளர்ந்த மஞ்சள் மூக்கு நாரையின் தலையோ இறகில்லாமல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்றால் முறுக்கிய பூஞ்சை. அது பூஞ்சையே அல்ல; பூஞ்சையைப் போல இழை இழையாக வளரும் பாக்டீரியா. இரண்டு பெயருமே பார்த்தவர் கண்ணை நம்பி வைக்கப்பட்டவை, இரண்டுமே ஆளை ஏமாற்றுகின்றன.

இரண்டாம் படி: நாரையைப் பார்க்கப் போவது

படத்தைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரு காலைப் பொழுதைச் செலவழியுங்கள்.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறி, எண்ணூர் நிலையத்தைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் நில்லுங்கள். அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். நீர் வற்றியிருக்கும் நேரமென்றால் இருபுறமும் சேற்றுத் திட்டுகள் தெரியும். வெள்ளையாக நிற்பதெல்லாம் நாரை அல்ல, பெரும்பாலானவை கொக்குகள். அவற்றைவிட ஓர் ஆள் உயரம் கூடுதலாக, கூனிக்கொண்டு, மஞ்சள் அலகைத் தொங்கவிட்டு நிற்பதுதான் நம் ஆள். ஓர் ஆள் என்பது கொக்குக் கணக்கில் ஓர் ஆள்! நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் பழவேற்காட்டுக்குப் போவது நல்லது. மழை முடிந்து தண்ணீர் இறங்கும் தை, மாசி மாதங்களில் காலை ஆறு முதல் எட்டு வரை ஏரிக்கரையில் இருந்தால் ஏமாற்றம் அநேகமாக இருக்காது. ரயில் பாலத்தில் இறங்கி நடக்க வேண்டாம். அனல்மின் நிலையம், துறைமுகம் ஆகியவற்றின் அருகில் கேமராவை நீட்டவும் வேண்டாம். விளக்கம் சொல்லியே காலைப் பொழுது போய்விடும்.

அடையாளங்களை இந்த வரிசையில் பாருங்கள். கீழ்நோக்கி லேசாக வளைந்த தடித்த மஞ்சள் அலகு. மார்பில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை. வாலுக்கு மேல் வந்து விழும் இறகுகளில், ரோஜாப்பூவைக் கசக்கித் தேய்த்தாற்போல் ஓர் இளஞ்சிவப்பு. கால்களும் இளஞ்சிவப்புதான், ஆனால் பல நேரம் சுண்ணாம்பு பூசியதைப் போல வெளுத்துத் தெரியும். அது வேறொன்றுமில்லை, எச்சம். வெயில் ஏறினால் நாரைகள் தம் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். அது உலரும்போது கால் குளிர்கிறது. அருகில் நத்தை குத்தி நாரை நின்றால் குழம்ப வேண்டாம். அது உருவில் சிறியது, இரண்டு அலகுகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற இடைவெளி அதற்கு இருக்கும்.

இனி அது இரை தேடுவதைப் பாருங்கள். இதற்குக் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் விட்டு, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். அவ்வப்போது ஒரு காலால் சேற்றைக் கலக்கும். ஒரு பக்கச் சிறகைச் சட்டென்று விரித்து மூடும். மீன் மிரண்டு ஓடி அலகில் பட்டால் போதும், அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துக் கொத்துவது கொக்கின் வழி. கலங்கிய தண்ணீரில் தொடுவுணர்வை நம்பிப் பிடிப்பது இந்த நாரையின் வழி.

இதைப் பார்த்தபோது எனக்கு எண்ணூர்க் கழியில் கைத்தடவலாக இறால் பிடிக்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் அடிச் சேற்றைத் துழாவுவார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியிருப்பார்கள். அகப்பட்ட இறால் நேராகப் பறிக்குள் போகும். முகம் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், விரல்தான் வேலை செய்யும். நாரையின் அலகும் அந்த விரலைப் போன்றதுதான். ‘அலகு உண்டு’ என்று அட்டவணையில் எழுதுவதற்கும் இதைப் பார்த்துவிட்டு எழுதுவதற்கும் எவ்வளவு தூரம்!

சத்தம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். வளர்ந்த நாரை ஏறக்குறைய ஊமை. கூட்டில் இருக்கும்போது அலகுகளைத் தட்டி ஓசை எழுப்பும், அவ்வளவுதான். குஞ்சுகள் மட்டும் நன்றாகவே கத்தும்.

மூன்றாம் படி: பாக்டீரியாவை முகர்வது

மூன்று டம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கடற்கரை மணல். ஒன்றில் தொட்டிச் செடியின் மண், எருவிட்டதாக இருந்தால் மிக நல்லது. மூன்றாவதில் ஏதாவது ஒரு மரத்தடி மண். நான் மாதவரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் அடியிலிருந்து எடுத்தேன். மூன்றையும் ஒரு வாரம் நிழலில் உலரவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் மீதும் இரண்டு தேக்கரண்டித் தண்ணீரைத் தெளித்துவிட்டு, டம்ளர் வாய்க்கு ஒரு சாண் மேலே மூக்கை வைத்து முகருங்கள்.

எனக்குக் கடல் மணலில் உப்புக்காற்று தவிர வேறொன்றும் தெரியவில்லை. தொட்டி மண்ணிலும் மரத்தடி மண்ணிலும் அந்த வாசனை எழுந்தது. பக்கத்தில் நின்ற பெண், “மழை வந்த மாதிரி இருக்கிறது” என்றாள்.

அந்த வாசனையின் முக்கியப் பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பெயர். 1965 இல் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். உலரவைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மண் காயும்போது பல பாக்டீரியாக்கள் செத்துப்போகும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் விதைபோன்ற நுண்வித்துகளாக மாறித் தாங்கிக்கொள்ளும். ஆய்வகத்திலும் இதைத் தேடுகிறவர்கள் முதலில் மண்ணை உலர்த்தியே தொடங்குகிறார்கள்.

கால்வாய்க் கரைச் சேற்றை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். பக்கிங்காம் கால்வாயைத் தாண்டும்போது வருகிற அழுகிய முட்டை நாற்றமும் பாக்டீரியாவின் வேலைதான், ஆனால் அது வேறு கூட்டம். காற்றுப் புகாத சேற்றில் வாழ்ந்து, சல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடும் கூட்டம் அது. ஸ்ட்ரெப்டோமைசிஸுக்குக் காற்று வேண்டும். ஆகவே எங்கள் பகுதியில் மூக்கே ஒரு கருவி: மண்வாசனை வந்தால் காற்று இருக்கிறது, முட்டை நாறினால் காற்று இல்லை.

ஜியோஸ்மினுக்கு இன்னொரு சாட்சி சமையலறையில் இருக்கிறது. காசிமேட்டில் வாங்கும் கடல் மீனில் மண்வாடை இருக்காது. ஏரிக் கெண்டையில் இருக்கும். ஏரி நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் உள்ள பாக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் மீனின் கொழுப்பில் போய்த் தங்குகிறது. ஏரி மீன் என்றால் என் அம்மா கல்லுப்பும் புளியும் போட்டு இரண்டு முறை உரசிக் கழுவாமல் அடுப்பில் ஏற்றமாட்டார். புளிப்பில் ஜியோஸ்மின் சிதைந்து வாசனையற்ற வேறொரு பொருளாகிவிடும் என்பது வேதியியல். அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, வேலை தெரியும்.

வீட்டில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். மண்ணில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இருக்கும். கஞ்சியில் எது முளைக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, மூடிய தட்டில் செய்யுங்கள். சில நாட்களில் சுண்ணாம்புப் பொடி தூவியதைப் போன்ற சிறு வட்டங்கள் வரும். குச்சியால் தொட்டால் வழுக்காது, வேர் விட்டதைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான். டம்ளர் சோதனை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயம் இருந்தால் மண்ணைத் தொடவே வேண்டாம்.

நான்காம் படி: ஒரே கேள்வியை இருவரிடமும் கேட்பது

இப்போது அட்டவணைக்கு வரலாம். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் விட்டுவிட்டு, நடுவில் கேள்வியை எழுதுங்கள். இரண்டுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இப்படி’ என்று பதில் வந்தால் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று மட்டும் வந்தால் அடித்துவிடுங்கள். அந்தப் பெண்ணின் இருபத்தேழில் தேறியவை நான்கு. புதிதாகச் சில சேர்ந்தன.

எவ்வளவு பெரியது? எல்லோரும் முதலில் கேட்பது இது, சீக்கிரம் முடித்துவிடுவோம். நுண்வித்து ஒன்று ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர், நாரை ஒரு மீட்டர். பத்து லட்சம் மடங்கு. நுண்வித்தைக் கசகசா அளவுக்குப் பெருக்கினால் நாரை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் தலை எட்டாது. இதற்கு நேர் எதிரான ஓர் எண்ணைப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரின் மரபணுத் தொகுப்பை 2002 இல் படித்து முடித்தபோது, 86 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துகளும் ஏறத்தாழ 7,800 மரபணுக்களும் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். பறவைகளுக்குப் பொதுவாக 15,000 க்குச் சற்று மேல். உயரத்தில் பத்து லட்சம் மடங்கு, மரபணு எண்ணிக்கையில் இரண்டே மடங்கு.

எப்படிச் சாப்பிடுகிறது? நாரை இரையை உள்ளே தள்ளிச் செரிக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் செரிமான நொதிகளை வெளியே மண்ணில் ஊற்றிவிட்டு, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கிறது. வயிறு வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே இருட்டில் தேடுகின்றன, இரண்டுமே தொட்டால்தான் அறிகின்றன. இந்த வரியை எழுதியபோது அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தாள்.

பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறது? நாரை மரத்தில் குச்சிகளால் கூடு கட்டி, சில முட்டைகளிட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி மீனைக் கொண்டுவந்து கூட்டில் கக்கிக் கொடுக்கும். உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடிக்கும். பாக்டீரியாவுக்கு ‘பெற்றோர் பராமரிப்பு இல்லை’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். மண்ணில் சத்துக் குறையும்போது, ஸ்ட்ரெப்டோமைசிஸின் அடி இழைகளில் ஒரு பகுதி தானாகவே செத்துக் கரைகிறது. அந்தக் கரைசலைத் தின்றுதான் மேல் இழைகள் காற்றில் எழுந்து, நுனியில் மணிமாலையைப் போல நுண்வித்துகளைக் கோக்கின்றன. நாரை மீனைக் கக்கித் தருகிறது என்றால், இது தன்னையே கரைத்துத் தருகிறது. பாசம் என்று சொல்லிவிட வேண்டாம். அது நம் வார்த்தை. ஆனால் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

நம்மில் பலருக்குத் தெரிந்திராத ஒரு தகவலும் இந்த இடத்தில்தான் வருகிறது. உடல் கரைந்து சத்து வெளியே கிடக்கும் அதே நேரத்தில்தான் இது நுண்ணுயிர்க்கொல்லிகளையும் உற்பத்தி செய்கிறது. 1943 இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரீசியஸிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1952 இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. காசநோய்க்கு வேலை செய்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி அது. என் பெரியப்பா அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர். மண்ணிலிருந்து வந்த மருந்து என்று அவரிடம் சொன்னபோது, “அதனால்தான் அவ்வளவு வலித்ததோ” என்றார்.

எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது? நாரை சிறகை விரித்து வெப்பக் காற்றில் ஏறி வட்டமடித்துப் போகும். ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு நகரும் உறுப்பு கிடையாது. காற்று, தண்ணீர், கூடவே வாடகை வண்டி. நுண்வித்து உண்டாகும் பருவத்தில்தான் ஜியோஸ்மின் வெளிவருகிறது. வாலால் துள்ளும் மிகச் சிறிய மண் உயிரிகள் சில அந்த வாசனையைத் தேடி வந்து, இழைகளைத் தின்று, உடம்பில் ஒட்டிய நுண்வித்துகளையும் எச்சத்தில் கலந்தவற்றையும் எடுத்துப் போகின்றன. இது 2020 இல் வெளிவந்த ஆய்வு. மழை நேரத்தில் நாம் ரசிக்கும் மணம் அவற்றுக்கு அனுப்பிய அழைப்புக் கடிதம். நாம் அழையா விருந்தாளிகள்.

ஐந்தாம் படி: எது ‘ஒன்று’?

இதைத் தனிப் படியாக வைக்கிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகள் எல்லாம் இதில்தான் வந்து முட்டுகின்றன.

பழவேற்காட்டில் நின்று பன்னிரண்டு நாரைகள் என்று எண்ணிவிடலாம். டம்ளரில் எத்தனை ஸ்ட்ரெப்டோமைசிஸ்? இழை கிளைத்துக் கிளைத்துப் போகிறது. இழையின் ஓர் அறைக்குள் பல மரபணுத் தொகுப்புகள் சேர்ந்தே கிடக்கின்றன. இழை துண்டானால் இரண்டு துண்டும் வளரும். மருதாணிக் கிளையை ஒடித்து நட்டால் அது பழைய செடியா, புதுச் செடியா என்பதைப் போன்ற வழக்கு இது. நுண்வித்தை எண்ணலாம், இழையை எண்ண முடியாது. ‘ஒன்று’ என்பது எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நாம் நினைத்ததே நாரையைப் போன்றவற்றைப் பார்த்துப் பழகிய பழக்கத்தால்தான்.

இனம் என்ற கணக்கும் இப்படியே. பறவைகளில், தங்களுக்குள் கூடி வளமான குஞ்சுகளைப் பெறுகிறவை ஓர் இனம் என்பது பழைய அளவுகோல். அதிலும் ஓட்டை உண்டு: சிங்கப்பூர், மலேசியப் பகுதிகளில் மஞ்சள் மூக்கு நாரை அதன் உறவுக்கார நாரையோடு கூடிக் கலப்புக் குஞ்சுகள் பிறந்திருக்கின்றன. பாக்டீரியாவில் கூடிப் பிள்ளை பெறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டின் மரபணுத் தொகுப்புகள் சராசரியாக 95, 96 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் ஒரே இனம் என்று கொள்கிறார்கள். ‘இனம்’ என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டு இரண்டு வெவ்வேறு தராசில் நிறுத்துகிறோம். அட்டவணையில் அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டுவையுங்கள்.

பெயர் சூட்டும் விதியைப் பார்த்தால் இது இன்னும் வேடிக்கை. ஒரு பறவை இனத்துக்குச் சான்றாக அருங்காட்சியகத்தில் பாடம் செய்த உடல் இருந்தால் போதும். இன்று புதிய பாக்டீரியா இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால், அதன் உயிருள்ள வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களில் ஒப்படைத்தாக வேண்டும். நாரைக்குச் சாட்சி செத்த உடல், பாக்டீரியாவுக்குச் சாட்சி உயிரோடு இருக்க வேண்டும்.

கண்காட்சியில் அவளுடைய புதிய அட்டையில் ஆறு கேள்விகள்தான் இருந்தன. பார்க்க வந்த ஆசிரியர் ஒருவர், “இவ்வளவு குறைவாகவா?” என்று கேட்டுவிட்டு, ‘எது ஒன்று?’ என்ற வரியில் நின்றுவிட்டாராம். பரிசு ஓர் எரிமலை மாதிரிக்குப் போயிற்று. எரிமலையோடு யார் போட்டி போட முடியும்?

ஆறாம் படி: இரண்டும் சந்திக்கும் இடம்

ஒப்பிட்டு முடித்தவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரே ஊரில் வாழும் இரண்டு உயிர்களை ஒப்பிட்டால், அவை எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று கேட்காமல் விடக்கூடாது.

நாரையின் எச்சமும் தவறி விழுந்த மீனும் கரை மண்ணுக்கு வருகின்றன. இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் உள்ள கைட்டினைச் சிதைப்பதில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கைதேர்ந்தது. இறகோ கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தால் ஆனது. நம் நகமும் முடியும் அதே வகைதான். எளிதில் எதற்கும் செரிக்காத பொருள் அது. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிராடியே முதலான சில இனங்கள் அதையும் கரைக்கும் நொதியைச் சுரக்கின்றன.

பறவையையும் மண்ணையும் ஒரே துயர் தொட்டதும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்து ஒட்டிக்கொண்ட படங்களை எல்லோரும் பார்த்தோம். கரை மண்ணிலும் அதே எண்ணெய்தான் ஊறியது. அங்கே இருந்த பாக்டீரியாக்களை யாரும் படம் எடுக்கவில்லை.

இந்தப் படிக்கு ஒரு சிறு சோதனை உண்டு. காட்டுப் பறவையின் இறகைப் பொறுக்கிவந்து வீட்டில் வைக்காதீர்கள். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கறிக்கடையில் கேட்டால் கோழி இறகு சும்மா கிடைக்கும். ஒரு இறகைக் கழுவி உலர்த்தி, பழைய கொசுவலைத் துண்டில் சுற்றி, எருவிட்ட தொட்டி மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் புதையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், சொதசொதவென்று வேண்டாம். காற்று வேண்டும் என்று முன்பே பார்த்தோம். மாதம் ஒரு முறை கையுறை போட்டுக்கொண்டு வலையைப் பிரித்துப் பாருங்கள். மண்ணில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் பலர், பூஞ்சைகளும் சேர்த்தே. எல்லாப் புகழையும் ஒருவருக்கே எழுதிவிடாதீர்கள்.

எங்கள் தொட்டியில் மூன்றாம் மாதம் பிரித்தபோது, இறகின் மெல்லிய பகுதிகள் பெரும்பாலும் போய், நடுத்தண்டு மட்டும் மஞ்சளாக, தொட்டால் ஒடிகிற பதத்தில் இருந்தது. வலைத் துண்டை அந்தப் பெண் மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என் பக்கம் நீட்டினாள். மழை வாசனை அடித்தது.